சுண்ணாம்புக் கோட்டில் ஒரு நாள் குடித்தனம்

நாச்சிமுத்து பதினொன்றாவது வரைபடத்தோடு வந்தார்.

செங்கமலத்தம்மை புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்மைக்கு ஐம்பது வயது. நாச்சிமுத்துவுக்கு அறுபத்தாறு. வயதைப் பார்த்து அவர் சீடராகவில்லை. ஒன்பது வருடமாக வியாழக்கிழமை தவறாமல் மலையடிவாரத்துக் குடிலுக்கு வருகிறார். அம்மை சொல்வதைக் கேட்பார். கேட்டதைச் சில சமயம் செய்வார்.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க."

"வீட்டுல தியான அறை எந்த மூலையில இருக்கோணும்?"

"நேத்து வரைக்கும் எந்த மூலையில இருந்துச்சு?"

"பத்தாவது படத்துல வடகிழக்குங்க. அதுக்கு முன்னால வடமேற்கு. இதுல கொஞ்சம் தெக்கால தள்ளியிருக்கறனுங்க. எதுலயும் மனசு நிக்கமாட்டீங்குது."

வரைபடத்தை விரித்தார். அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தை அளந்த கை. கோடுகள் சுத்தமாக இருந்தன. அளவுகள் முத்து முத்தாக இருந்தன.

"யார் யாருக்கு அறை?" என்றார் அம்மை.

"எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒண்ணு. பையனுக்கு ஒண்ணு, பாத்ரூம் சேத்தி. அவன் ஓசூர்ல இருக்கான், தீவாளி நோம்பிக்கு வருவான். சாமிக்கு ஒண்ணு. தியானத்துக்கு ஒண்ணு. அப்பறம் ஹால், சமையக்கட்டு, முன்னால கார் நிறுத்த எடம்."

"கார் இருக்குதா?"

"இல்லீங்க. எப்பவாச்சும் வாங்குனா நிறுத்தறதுக்கு."

அம்மை ஒரு புளியைப் பிரித்தார். கொட்டையை எடுத்து வீசினார்.

"பூங்கோதை எப்படி இருக்கா?"

நாச்சிமுத்து வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அவ சின்னம்மா வீட்டுலயே இருக்காளுங்க. காங்கேயத்துல."

பூங்கோதை அவருடைய மகள். கல்யாணமாகி ஆறு வருடம். புருஷன் கை நீட்டுகிறவன். கார்த்திகையில் ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாயின் தங்கை வீட்டில் போய் நின்றாள். மார்கழிக் கடைசியில் அப்பாவுக்குப் போன் செய்து, நம் வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். வீட்டை இடித்துக் கட்டுகிறோம் அம்மணி, இருக்க இடமில்லை என்றார் நாச்சிமுத்து. இப்போது மாசி. அவள் மறுபடி கேட்கவில்லை.

"வேலை முடியட்டும்னு பாக்கறனுங்க" என்றார். "அதுக்குள்ள மாப்பிள்ளையே வந்து கூட்டிட்டுப் போனாலும் போவாரு."

"நான் ஒண்ணும் கேக்கலியே. எப்படி இருக்கான்னுதான் கேட்டேன்."

"நல்லா இருக்காளுங்க."

"பாத்தீங்களா?"

"போன்ல பேசறதுதானுங்க."

அம்மை கையைத் தட்டி உதறினார். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"காயிதத்துல எனக்கு ஒண்ணும் புரியாது. தரையில போட்டுக் காட்டுங்க."

"மாசி இருவத்திரண்டு வாஸ்து நாளுங்க. அன்னிக்கு வாணம் தோண்டி அஸ்திவார வேலையை ஆரம்பிக்கறோம். அதுக்கு முந்தின நாள் மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டுருவாரு. முழு அளவுல பாக்கலாமுங்க."

"ரெண்டு நாள் முன்னால போடச் சொல்லுங்க. கதவு வர்ற எடத்துல மட்டும் கோடு வேண்டாம். நான் வர்றேன்."

நாச்சிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை. அம்மை யார் வீட்டுப் படியும் ஏறுகிறவர் இல்லை.

"நீங்களே வர்றீங்களா?"

"ஒரு நாள் அந்த வீட்டுல குடித்தனம் பண்ணிப் பாக்கலாம். அடுப்பு, பாய், தண்ணிக்குடம் எல்லாம் கொண்டாங்க. அந்த வீட்டு ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லுங்க."

"இன்னும் சுவரே எந்திரிக்கலீங்களே அம்மா."

"அதனாலதான்."

அவர் புளியை மறுபடி எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

மாசி இருபது. மேஸ்திரி ஆறுச்சாமி விடிந்ததும் வந்துவிட்டார். முளை அடித்தார். நூல் கட்டினார். சுண்ணாம்புத் தூளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி நூல் ஓடிய வழியே தூவிக்கொண்டு போனார். பழைய வீடு இருந்த இடம் இப்போது வெறும் தரை; நாச்சிமுத்துவும் மனைவியும் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். ஏழு மணிக்குப் புது வீடு அதன் மேல் வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

நாச்சிமுத்து தியான அறைக்குள் போய் நின்றார். முகம் சுருங்கியது.

"என்ன ஆறுச்சாமி, கோழி அடைக்கவா?"

"பத்துக்குப் பத்துங்க. நீங்க எழுதுன அளவுதான்."

"பத்து மாதிரியே இல்லியே. டேப்பைப் புடி."

பிடித்தார்கள். பத்து.

"இன்னொருக்காப் புடி."

"நாளைக்குப் புடிச்சாலும் பத்துதானுங்க. வெறும் தரையில கோடு போட்டா எந்த ரூமும் சின்னதாத்தான் தெரியும். சுவர் எந்திரிச்சா சரியாயிரும். எல்லா வீட்டுக்காரரும் இந்த எடத்துக்கு வந்ததும் பயப்படுவாங்க. ஊரையே அளந்த நீங்களுமுங்களா?"

"ஊரான் நிலம் வேற."

"அதுஞ் சரிதான்."

"ரெண்டடி தள்ளிப் போடு."

"எங்கிருந்து எடுக்கட்டுமுங்க? இக்கட்ட சமையக்கட்டு" என்று பக்கத்துச் சதுரத்தைக் காட்டினார்.

"சமையக்கட்டுல எடு."

ஆறுச்சாமி வாய்க்குள் ஏதோ சொன்னார். பழைய கோட்டைக் காலால் தேய்த்தார். இரண்டடி தள்ளிப் புதுக் கோடு போட்டார்.

சமையக்கட்டுக்குள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டிருந்தாள் நாச்சிமுத்துவின் மனைவி தெய்வாத்தாள். கோடு தன் முழங்கால் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்தாள்.

"எனக்குக் கை வீச எடம் இருக்குமா?"

"சுவர் எந்திரிச்சா சரியாயிரும்" என்றார் நாச்சிமுத்து.

*

எட்டு மணி பஸ்ஸில் அம்மை வந்தார். தெருவில் நின்று ஒருமுறை பார்த்தார். வாசலுக்காகக் கோடு விட்டிருந்த இடத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"கோடு சுவர். கோடு இல்லாத எடம் கதவு. சுவத்துல யாரும் நடக்கக் கூடாது. பொழுது எறங்கற வரைக்கும்."

"சரிங்கம்மா" என்று சொல்லி நாச்சிமுத்து சுவரைத் தாண்டி வந்தார்.

"ஐயா, சுவரு" என்றார் ஆறுச்சாமி.

நாச்சிமுத்து திரும்பிப் போய்க் கதவு வழியாக வந்தார். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சுவரில் மோதினார். மூன்று முறை ஆறுச்சாமி சொன்னார். நான்காவது முறை சொல்லவில்லை, நெற்றியைத் தடவிக் காட்டினார்.

எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார்.

"என்ன சர்வேயரே, பாண்டி ஆடறீங்களா? நானும் சேந்துக்கட்டுமா?"

"போய் வேலையப் பாருய்யா."

"எனக்கென்ன வேலை? இதைப் பாக்கறதுதான்."

சிரித்துக்கொண்டே போனார்.

தெய்வாத்தாள் பின்பக்கத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பின்கதவு அவர்கள் படுக்கும் அறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குடத்தோடு நடை வழியே வந்து, ஹாலைச் சுற்றி, சமையக்கட்டுக்குள் போனாள். மறுபடி போனாள். மூன்றாவது குடத்தோடு ஹால் நடுவில் நின்றாள்.

"அந்தப் பின்கதவை யாரு அங்க வெச்சது?"

"ஏன், அதுக்கென்ன?" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணுமில்ல. தண்ணி எடுக்கப் போனா வீடு பூராவும் பாத்துட்டு வந்தரலாம். நல்ல வீடு."

ஆறுச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சமையக்கட்டுல ஒரு கதவு வெக்க முடியுமா?" என்று அம்மை அவரைக் கேட்டார்.

"இப்பங்களா? கோடுதானுங்க."

காலால் மூன்றடிக் கோட்டைத் தேய்த்தார். தெய்வாத்தாள் அதன் வழியாக வெளியே போனாள். உள்ளே வந்தாள். இன்னொரு முறை போய் வந்தாள். அதற்கு வேலை எதுவும் இல்லை. சும்மா போய் வந்தாள்.

அம்மை நாச்சிமுத்து பக்கம் திரும்பினார்.

"பழைய வீட்டுக்கு என்ன குறை?"

"ஓடு ஒழுகுச்சுங்க. விட்டமெல்லாம் கரையான். எத்தனை நாளைக்கு ஒட்டுப்போடறது?"

"ஒழுகல."

சமையக்கட்டிலிருந்து வந்தது குரல். நாச்சிமுத்து திரும்பினார்.

தெய்வாத்தாள் பருப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"ஒரு சொட்டு ஒழுகல. ஐப்பசி மழைக்கு ஒழுகல. கார்த்திகை மழைக்கு ஒழுகல. மார்கழி இருவத்தெட்டு அம்மணி போன் பண்ணுனா. தை மூணு ஓட்டைப் பிரிச்சாரு."

"அதுக்கும் இதுக்கும் எதுக்கு முடிச்சுப் போடற?"

"நான் முடிச்சுப் போடல. தேதி சொன்னேன்."

ஆறுச்சாமி நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுற்றித்தான் இருந்தது.

"அவ கேட்டப்ப வீடு நின்னுட்டிருந்துச்சா?" என்றார் அம்மை.

நாச்சிமுத்து எழுந்தார். தியான அறைக்குப் போனார். இந்த முறை சுவரில் மோதவில்லை, கதவு வழியே போனார். பாயை விரித்தார். சம்மணமிட்டுக் கண்ணை மூடினார்.

அம்மை சற்று நேரம் அந்தச் சதுரத்தைப் பார்த்தார்.

"இந்த ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

"ஜன்னல் இல்லீங்க" என்றார் ஆறுச்சாமி. "வெளிச் சத்தம் வரக்கூடாதுன்னு ஐயா வேண்டாம்னுட்டாரு."

"இப்ப வருதா?"

கண்ணைத் திறக்காமலே நாச்சிமுத்து சொன்னார்.

"வருதுங்க."

*

பதினொன்றரை பஸ்ஸில் பூங்கோதை வந்தாள்.

தெருமுனையிலேயே தெய்வாத்தாள் பார்த்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைக்காமல் எழுந்து நின்றாள். நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார்.

"இவளை யாரு..."

"வீட்டு ஆளுங்க எல்லாரையும் வரச் சொல்லோணும்னு அம்மா சொன்னாங்கன்னு நீங்கதான வந்து சொன்னீங்க" என்றாள் தெய்வாத்தாள். "நான் சொல்லிவிட்டேன். தம்பிக்கு லீவு இல்லியாம்."

பூங்கோதை கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"அம்மணி, அது சுவருங்க" என்றார் ஆறுச்சாமி. "வாசல் அக்கட்ட."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காலைப் பின்னுக்கு எடுத்தாள். சுற்றிப் போய் வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள்.

"வா அம்மணி" என்றார் நாச்சிமுத்து. பாயிலிருந்து எழுந்து நின்றார்.

"வந்தனுங்கப்பா."

ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். பழைய துணிப்பை. ஜிப் போய், ஊக்குக் குத்தியிருந்தது.

தெய்வாத்தாள் இலை போட்டாள். சோறு, கொள்ளுப் பருப்பு, ரசம்.

"ஏன் விருந்துக்கு ஒரம்பரை வந்தவளாட்ட ஓரமா உக்காந்திருக்கற? நல்லா உள்ள தள்ளி உக்காரு."

"இருக்கட்டுமுங்கம்மா."

எல்லோரும் சாப்பிட்டார்கள். வெயில் தலையில் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டே பூங்கோதை மேஸ்திரியிடம் விசாரித்தாள்.

"இதென்னுங்க?"

"ஐயாவும் அம்மாவும் படுக்கற ரூமு."

"அது?"

"தம்பிக்கு."

"அந்தச் சின்னது?"

"சாமிக்கு."

"அப்பா உக்காந்திருந்தது?"

"தியானத்துக்குங்க."

அவள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள்.

குத்தல் இல்லை. உண்மையாகவே சொன்னாள். நாச்சிமுத்துவின் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனாள். போகும்போதும் வரும்போதும் ஒரு கோட்டைக்கூட மிதிக்கவில்லை. திரும்பி வந்து நின்றாள்.

"அப்பா, பையை எங்க வெக்கட்டும்?"

நாச்சிமுத்து வீட்டைப் பார்த்தார். ஹாலில் ஆட்கள் நடப்பார்கள். சாமி அறையில் வைக்க முடியாது. தங்கள் அறையில் இரண்டு கட்டிலும் ஒரு பீரோவும் போக மிச்சமில்லை என்று அவரே அளந்து வைத்திருந்தார்.

"தம்பி ரூமுல வையி."

"அவன் வந்தா?"

"தீவாளி நோம்பிக்குத்தான வருவான்."

"அப்ப எடுத்துக்கறனுங்க."

சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசித்தாள். வாசல் வழியாக வெளியே போனாள். மணல் குவியலின் மேல், கோட்டுக்கு வெளியே, பையை வைத்தாள்.

"வெளியிலயே இருக்கட்டுமுங்கப்பா. பொழுதோட பஸ்ஸுக்குப் போகோணும்."

வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தலை தொங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மறுபடி தொங்கியது.

"தூக்கம் வருதா?" என்றார் அம்மை.

"இல்லீங்கம்மா. வெயிலு."

"ராத்திரி தூங்கலியா?"

"தூங்குவனுங்க. சின்னம்மா வீடு ஒரே ரூமுங்க. நல்லவங்கதான், ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் சமையக்கட்டுல படுத்துக்குவேன். சித்தப்பா நாலு மணிக்கு மில்லுக்குப் போகோணும், டீ வெக்க வருவாரு. அவர் வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் பாயைச் சுருட்டிருவேன்."

"எத்தனை நாளா?"

"தொண்ணூத்தஞ்சு நாளுங்க."

யோசிக்காமல் சொன்னாள். சொன்ன பிறகு வெட்கப்பட்டவள்போல் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி முழங்காலில் முட்டியது. அதன் பிறகு நிமிரவில்லை.

நாச்சிமுத்து அம்மைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியாம இல்லீங்கம்மா."

அம்மை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அவளை வேண்டாம்னு நெனைக்கல. ஒத்தைப் பொண்ணுங்க. தூக்கி வளத்த கைதானுங்க இது."

"ம்."

"அவளுக்குன்னு ஒரு ரூமு கட்டிட்டா, அவ பொழப்பு முடிஞ்சுதுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிருமுங்க. ஊருக்குத் தெரிஞ்சுரும். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுரும். எடமில்லைன்னா கொஞ்ச நாள் பாத்துட்டு அவளே திரும்பிப் போயிருவா, அவனுக்கும் புத்தி வந்துரும், எல்லாம் சரியாயிரும்னு நெனைச்சேன். இருந்த வீட்டை அதுக்குத்தான் பிரிச்சேன். போதுங்களா? அதுக்குத்தான் பிரிச்சேன்."

சமையக்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"போனாளா?" என்றார் அம்மை.

"எங்கீங்க?"

"எடமில்லைன்னு சொன்னீங்களே. திரும்பிப் போனாளா?"

நாச்சிமுத்து மகளைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு புடைத்துத் தெரிந்தது.

"இல்லீங்க" என்றார். "சமையக்கட்டுல படுத்திருக்கா."

அம்மை வேறு பக்கம் பார்த்தார். அவரைச் சும்மா விட்டுவிட்டார்.

வெகு நேரம் கழித்து நாச்சிமுத்து எழுந்தார். வாசல் வழியே வெளியே போனார். மணல் மேலிருந்த பையை எடுத்தார். மணலைத் தட்டினார். இரண்டு கையாலும் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். ஹாலைக் கடந்து, கதவு வழியே, தியான அறைக்குள் போனார். மூலையில் வைத்தார். பாயை நீட்டி விரித்தார்.

"அம்மணி."

பதறி எழுந்தாள். "பஸ் வந்துருச்சுங்களா?"

"பஸ்ஸெல்லாம் வரல. உள்ள வந்து படு."

"அது உங்க ரூமுங்கப்பா."

"படுன்னு சொல்றேன்ல."

பூங்கோதை அம்மாவைப் பார்த்தாள். தெய்வாத்தாள் தலையை மட்டும் ஆட்டினாள். பூங்கோதை உள்ளே போனாள். பாயில் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படுத்தாள்.

"கொஞ்ச நேரந்தானுங்க. நாலு மணிக்கு எழுப்பிவிடுங்க."

"யாரும் எழுப்ப மாட்டாங்க."

அது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. தூங்கிவிட்டாள். ஒரு கை பையின் வாரைப் பிடித்திருந்தது.

மாசி வெயில் நேராக அவள் முகத்தில் இறங்கியது. நாச்சிமுத்து சுற்றும் முற்றும் பார்த்தார். ஆறுச்சாமியின் கறுப்புக் குடை செங்கல் அடுக்கில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து வந்து விரித்தார். நிழல் முகத்தில் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறுச்சாமி வரைபடத்தோடு வந்தார். கதவு வழியாகத்தான் வந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஐயா, இந்த ரூமுக்கு ஜன்னல் இல்லைன்னு போட்டிருக்குதுங்க."

"வடக்கால ஒண்ணு வெய்யி."

"சின்னதுங்களா?"

"பெருசா. காத்து வரோணும்."

குறித்துக்கொண்டார்.

"தியானம்னு எழுதியிருக்குதுங்க."

"அதை அடி."

"அடிச்சிட்டு?"

நாச்சிமுத்து குடையைக் கை மாற்றினார்.

"பூங்கோதைன்னு எழுது."

"பேரையேங்களா? மத்த ரூமுக்கெல்லாம் பேரு எழுதலீங்களே."

"எழுதுய்யா."

எழுதினார். பென்சிலைக் காதில் செருகினார். போகாமல் நின்றார்.

"அப்ப அந்த ரெண்டடியச் சமையக்கட்டுக்கே திருப்பிக் குடுத்தரலாமுங்களா?"

"வேண்டாம்" என்றாள் தெய்வாத்தாள், கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. "அவளுக்கே இருக்கட்டும்."

*

மூன்று மணிக்கு எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் திரும்பி வந்தார். காலை ஊன்றினார். கேலிக்கு வாயைத் திறந்தவர் குடையைப் பார்த்தார். குடைக்குக் கீழே பார்த்தார்.

"பூங்கோதைங்களா? ஒரம்பரைக்கு வந்திருக்குதா?"

நாச்சிமுத்து அவரைப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை வரலீங்களா?"

"வரல."

"அப்ப எத்தனை நாளைக்கு?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

"இங்கதான் இருப்பா" என்றார் நாச்சிமுத்து. "வாடகை வீட்டுல எங்ககூட. அப்பறம் இதுல."

எதிர்வீட்டுக்காரர் தலையாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

நாச்சிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. பொழுது இறங்குவதற்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும். நாளைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விடும். குடைக் காம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கதவுப் பக்கம் அம்மை வந்து நிற்பதைப் பார்த்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"நாளைக்கு மாப்பிள்ளை நாலு பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிப்பான். எம்பொண்டாட்டிய அனுப்பும்பான். நான் அவனுக்கு என்னங்கம்மா சொல்லட்டும்?"

அம்மை அவரைப் பார்க்கவில்லை. தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் முகத்தை விட்டுக் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"குடை சாயுது" என்றார். "நேராப் புடிங்க."